உப்பிய போன், செத்த லேப்டாப் பேட்டரி, ஹாலில் சார்ஜாகும் ஸ்கூட்டர்: லித்தியம் பேட்டரி கேள்வி பதில்

கேள்வி: போன் பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன் நன்றாகத்தான் ஓடுகிறது. அடுத்த மாதம் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. இப்போதே அணைத்துவிடுங்கள், இனி சார்ஜ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவானதால்தான் உப்புகிறது. நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரித்து வைப்பது சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள்தான். தலைமுடியை விட மெல்லியது. உப்பல் அந்தத் தாளை இழுக்கிறது. அது ஓரிடத்தில் கிழிந்தால் இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும், சூடு கிளம்பும்.

மூடியை அமுக்கி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது அதைவிட ஆபத்து. வெளிவரும் வாயு எரியக்கூடியது, ஊசியே இரண்டு தகட்டையும் இணைத்துவிடும். மண்சட்டியில் நாலு விரல் உயரம் மணல் பரப்பி, அதன்மேல் போனை வைத்து, வெயில் படாத வெளி இடத்தில் வையுங்கள். சர்வீஸ் கடைக்கும் அந்தச் சட்டியோடே எடுத்துப் போகலாம். சட்டைப் பையில் வேண்டாம்.

கேள்வி: லேப்டாப் பேட்டரி முழுக்கச் செத்துவிட்டது. குப்பையில் போடலாம்தானே?

பதில்: செத்த பேட்டரி காலியான பேட்டரி அல்ல. பேக்குக்குள் மூன்று முதல் ஆறு செல்கள் இருக்கும். ஒன்று கெட்டாலே கட்டுப்பாட்டு போர்டு மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். மற்ற செல்களில் மின்சாரம் அப்படியே நிற்கும். குப்பை லாரியின் அமுக்கும் இயந்திரத்தில் அது நசுங்கினால் தீதான். அந்த லாரியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பேக்கை உடைக்காமல், கனெக்டர் பகுதி முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி ஒட்டுங்கள். ஒரு பேட்டரிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சாவி, ஆணி, நாணயம் இருக்கும் டப்பாவில் போடாதீர்கள். வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமோ கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்ற குப்பையோடு கலக்காமல் ஒப்படைப்பது நம் பொறுப்பு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலி செய்யும் வழி வீட்டுக்கு வேண்டாம். முனைகள் அரித்துப் போகும், ஹைட்ரஜன் வெளிவரும், உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கிறதா என்பதும் தெரியாது.

கேள்வி: சிங்கப்பூர் போகிறேன். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் எடுத்துப் போகலாமா?

பதில்: போகலாம், கைப்பையில் மட்டும். 20,000ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 74 வாட் ஹவர். 100 வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமானச் சேவையின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணி எடுத்துப் போக முடியாது. அளவு அச்சிடப்படாத மலிவு பவர் பேங்கை பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கை வைக்க முடியாது. அங்குள்ள ஹாலோன் வாயு சுடரை அணைக்கும், பேட்டரிக்குள் ஓடும் சூட்டை நிறுத்தாது. அதனால்தான் கைப்பை. விமானம் ஏறும் கேட்டில் கைப்பையைச் சரக்கு அறைக்கு அனுப்பச் சொன்னால் பவர் பேங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: உப்பிய ட்ரோன் பேட்டரியை கம்பெனிக்கு கூரியரில் அனுப்பலாமா?

பதில்: சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பவே தடை. 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று எழுதி அனுப்புவது மற்றவர் உயிரோடு விளையாடுவது. கம்பெனியைக் கூப்பிட்டு, தரை வழியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: இ-ஸ்கூட்டரை ராத்திரி ஹாலில் சார்ஜ் போடுகிறோம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி தீப்பிடிக்காது என்கிறார் கடைக்காரர்.

பதில்: எல்எஃப்பியில் சூடு எளிதில் கட்டுமீறாது, அது உண்மை. ஆனால் கட்டுமீறினால் அதிலிருந்தும் எரியும் வாயுதான் வரும். வேலூரில் 2022 மார்ச்சில், இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்தபோது புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். சார்ஜ் போடும் இடம் வாசலையும் மாடிப்படியையும் மறிக்கக் கூடாது. நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வண்டி ஓட்டி வந்ததும் பேட்டரி ஆறும்வரை அரை மணியாவது விடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம்.

சார்ஜர் மாறிப் போவதுதான் பலருக்கும் தெரியாத ஆபத்து. 16 செல் எல்எஃப்பி பேக் 58.4 வோல்ட்டில் நிறையும். 16 செல் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த இன்னொரு லித்தியம் வகை) பேக்கின் சார்ஜர் 67.2 வோல்ட் தரும். பிளக் ஒரே மாதிரி இருக்கலாம். சார்ஜர் லேபிளில் உள்ள அவுட்புட் வோல்ட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: எரிய ஆரம்பித்தால் எதை ஊற்றுவது?

பதில்: போன், பவர் பேங்க் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தள்ளி நின்று தண்ணீர், நிறைய. தீயணைப்பான் பவுடர் சுடரை அணைக்கும், குளிர்விக்காது, மறுபடி பற்றும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். ஸ்கூட்டர் பேட்டரி என்றால் அணைக்கப் போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101ஐக் கூப்பிடுங்கள். அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் பற்றக்கூடும். அன்றிரவு அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.