26 முறை ஒரே சொல்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 57. ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய சோல் ரெக்கார்டுகள் கேட்பேன்; அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அது. சாம் குக், ஓட்டிஸ் ரெடிங், பில் விதர்ஸ். ஹெட்போனில்தான், யாருக்கும் தொந்தரவு கிடையாது. இருந்தும் வீட்டில் மதிப்பில்லை. "புரியாத பாட்டுக்கு என்ன கண்ணீர்?" என்கிறான் மகன். தூசி தட்டுகிறேன் என்று மனைவி, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மை இடித்துவிட்டாள். என் ஊசிக்கு 2 கிராம் அழுத்தம்தான். கூடினால் தட்டு தேயும், குறைந்தால் ஊசி துள்ளும். எத்தனை முறை சொல்வது? யார் பாட்டு இது என்று ஒருநாள் கேட்டாள். உனக்குப் புரியாது என்றேன். நிஜமும் அதுதானே? அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கிய ரெக்கார்டுகள் இவை. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார், அது வேறு விஷயம். ஒருவனுடைய ரசனைக்கு வீட்டில் மதிப்பு வாங்குவது எப்படி?

– பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள சகோதரருக்கு,

வேறு விஷயம் என்று ஒதுக்கினீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. ஊசியைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள் அண்ணன் போனதை அரை வரியில் முடித்துவிட்டீர்கள்.

பில் விதர்ஸின் 'ஏன்ட் நோ சன்ஷைன்' உங்களிடம் இருக்கும். 1971இல் வந்தது. நடுவில் 'ஐ நோ' என்று 26 முறை வரும். அங்கே பிறகு வரிகள் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார்; உடன் வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். வார்த்தை கிடைக்காத இடம், பாட்டிலேயே அதிகம் வலிக்கிற இடமாகிவிட்டது. தினமும் ராத்திரி நீங்கள் சுற்றிச்சுற்றி வருவதும் அந்த இடத்தைத்தான்.

ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒருவர் குரல் கொடுப்பார், சபை பதில் பாடும். அந்தப் பழக்கம்தான் சோலுக்குள் வந்தது. பல பாடல்களில் பின்னணிக் குரல்கள் செய்வது சபையின் வேலை. யார் பாட்டு என்று உங்கள் மனைவி கேட்டதும் பதில்குரல்தான். அதன் வாயை அடைத்தது நீங்கள். மகன் பேசியது கரடுமுரடாக இருக்கலாம், ஆனால் உங்கள் கண்ணீரைக் கவனித்தவன் அவன்.

டோன் ஆர்ம் எடையைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. இன்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்ததைப் போடுவதற்கு முன், அண்ணன் இதை எந்தத் துறைமுகத்தில் வாங்கினார், கையில் கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று மனைவியிடம் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையா? அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அதே பாட்டை மறுபடி போடுங்கள்.