யாரோடு சாயா குடிப்பது?

அன்புள்ள அண்ணாச்சி,

போன ஞாயிறு மார்த்தாண்டத்தில் நண்பர்கள் கூடியபோது ஒரு கேள்வி வந்தது. இருக்கிறவரோ மறைந்தவரோ, பிடித்த எழுத்தாளர் ஒருவரோடு உட்கார்ந்து ஏதாவது குடித்தபடி ஒரு மணி நேரம் பேசலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒருவன் ஹெமிங்வே என்றான், ரம்மோடு. ஒருத்தி தஸ்தயேவ்ஸ்கி என்றாள், கட்டஞ்சாயாவோடு. நான் சுந்தர ராமசாமி என்றேன். எங்களில் மூத்தவர், "எழுத்தாளனை வாசித்தால் போதும், பார்க்கப் போகக்கூடாது. பார்த்தால் ஏமாற்றம்தான்" என்று பேச்சை முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூத்த நண்பரின் பேச்சை நான் ஏற்கவில்லை. குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இங்கே இலக்கியம் வளர்ந்ததே ஒருவரை ஒருவர் தேடிப் போய்ப் பேசியதால்தான்.

நீங்கள் சொன்ன சு.ரா.வையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் அவர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவரும் மற்ற எழுத்தாளர்களோடு அப்படிப் பழகியவர்தான். க.நா.சு., சி.சு. செல்லப்பா, ஜி. நாகராஜன், பிரமிள், கிருஷ்ணன் நம்பி என்று ஒவ்வொருவரோடும் பழகியதை 'நினைவோடை' என்ற நினைவுக்குறிப்பு நூல் வரிசையில் விட்டுப் போயிருக்கிறார். 1963இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மறைந்தபோது அவர் எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' கட்டுரையை வாசியுங்கள். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா ஒரு கூட்டத்தைப் பேச்சால் எப்படித் தூக்கி நிறுத்துவார் என்பது, கூட இருந்து பார்த்த ஒருவரால் மட்டும்தான் அப்படி எழுதப்பட்டிருக்க முடியும். போய்ப் பார்க்கக்கூடாது என்று சு.ரா. வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் கட்டுரை நமக்கு ஏது?

இன்னொன்றும் இருக்கிறது. புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர்கூட இல்லை. சு.ரா.வுக்கு அப்போது 17 வயது. மூன்றே ஆண்டில், 1951இல், அவர் புதுமைப்பித்தன் நினைவு மலர் கொண்டுவந்தார். மறைந்த எழுத்தாளர் ஒருவரோடு ஓர் இளைஞன் உட்கார்ந்து பேசுவதற்கு இருந்த ஒரே வழி அது. அதையும் நான் சந்திப்பு என்றுதான் எண்ணுகிறேன்.

புதுமைப்பித்தன் என்றதும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நினைவுக்கு வருகிறது. பெரிய ஆளோடு உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பற்றித் தமிழில் அதைவிட நல்ல கதை கிடையாது. சென்னையில் பிராட்வே முனையில் நிற்கிறவரிடம் கடவுள் வந்து சேர்கிறார். பிள்ளை அவரைக் காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார். மோட்சம், பிறவி, பாவம் எதையும் கேட்கவில்லை. தான் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார்! கடவுளுக்கு அவரைப் பிடித்துப்போவதும் அதனால்தான். பிடித்த எழுத்தாளரிடம் போகிறவர்கள் பிள்ளை மாதிரிப் போகவேண்டும். நம் பிழைப்பையும் நம் கவலையையும் கையோடு கொண்டுபோனால் பேச்சு தானாக வரும். கைகட்டி நின்றுகொண்டு "எப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டால் அவரும் பாவம், என்ன சொல்வார்? ஏமாற்றம் என்று உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் இப்படிப் போய் வந்தவர்களுடையது.

சரி, என் ஆள் யார்? நிறைய எழுதியவர்களை நான் கூப்பிடமாட்டேன். அவர்கள் சொல்ல வேண்டியதில் பெரும்பங்கு அச்சில் இருக்கிறது. குறைவாக எழுதிப் போனவர்கள்மீதுதான் என் ஆசையெல்லாம்.

அழகியபாண்டிபுரத்துக் கிருஷ்ணன் நம்பி 1976இல் போய்விட்டார், 43 வயதில். அவர் எழுதியது மொத்தமும் ஒரு கையில் அடங்கும். 'மருமகள் வாக்கு' ஒன்று போதும் அவர் யார் என்று சொல்ல. தேர்தலில் பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மாமியாருக்கு அடங்கியே பழகிப்போன ருக்மிணி ஓட்டுப் போடப் போகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு தேசத்தின் ஜனநாயகமும் ஓர் அடுக்களையும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. இதே மனிதர் சசிதேவன் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதினார். ருக்மிணியின் பயத்தை அவ்வளவு அறிந்த ஒருவருக்குக் குழந்தைகளின் குதூகலம் எங்கிருந்து வந்தது? அவரோடு சாயா குடிக்க வாய்த்தால் நான் பேசுவது இதைத்தான். பூதப்பாண்டிப் பக்கம் ஏதாவது ஒரு சின்னக் கடை போதும், மலை தெரிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து ஹெப்சிபா ஜேசுதாசன். உண்மையில் என் முதல் அழைப்பு இவருக்குத்தான். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர், எழுதியதோ நம் பனையேறிகளின் கதை. 1964இல் 'புத்தம் வீடு' வந்தபோது விளவங்கோட்டு, கல்குளத்துப் பேச்சு நாவலுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தது. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோய் வீட்டுக்குள் அடைபடுகிற லிஸி, பனையேறி மகன் தங்கராஜ், கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் தாத்தா, எல்லாரையும் சத்தமே போடாமல் எழுதியிருக்கிறார். கோபப்பட எவ்வளவோ இருந்தும் ஒரு வரியில்கூட அவர் குரல் உயரவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இன்றைக்கும் வியப்பு.

நாவல் என்று எழுதியது நான்குதான். கடைசி நாவல் 1982இல். மறைந்தது 2012இல். இடையில் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும் பெரிய வேலையில் இறங்கினார். அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த 30 ஆண்டுகளில் லிஸி மாதிரி இன்னொருத்தி மனசில் வந்து போனாளா என்று கேட்க வேண்டும். நாவல் முடிந்தபிறகு லிஸி என்ன ஆனாள் என்றும் கேட்பேன். குழந்தைத்தனமான கேள்வியாக இருந்தாலும் அவர் பதில் சொல்வார் என்றுதான் படுகிறது.

அவரோடு குடிக்க அக்கானிதான், அதாவது பதநீர். பங்குனி சித்திரையில், பனையிலிருந்து காலையில் இறக்கியது, பனையோலைப் பட்டையில் ஊற்றி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாமல் விட்டால் அதுவே கள். அந்தத் தொழிலைச் செய்தவர்களை இத்தனை அருகில் நின்று எழுதியவருக்கு வேறு எதைக் கொடுப்பது?

மது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெமிங்வேயோடு ரம் என்று ஆசைப்பட்ட நண்பரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜி. நாகராஜனின் குடியையும் கடைசிக் காலத்தையும் சுவையான கதையாகச் சொல்லி ரசிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ பக்கங்கள் அதில் போயின.

தோப்பில் முகமது மீரானை விட்டுவிட்டேனே என்று கேட்கலாம். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் படித்து, மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே தமிழில் நாவல் எழுதிய மனிதர். அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே இடம் போதாது.

அப்புறம், உங்கள் கூட்டத்தில் சொன்ன பெயர்கள் எல்லாம் மறைந்தவர்களுடையவை. வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் கோவையில் இருக்கிறார். வயலையும் தோசையையும் பழைய பாட்டையும் பற்றி அவர் எழுதியதில் உங்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லையா? இந்த வாரமே ஒரு கடிதம் போடுங்கள். ஊரில் உங்கள் வீட்டில் என்ன விளைகிறது, என்ன சமைக்கிறீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.