பதில்: பைதான் 3.12-க்கு மாறியதும் 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை' என்ற பிழை

3.11-இல் ஓடிய நிரல், 3.12-க்கு மாறியதும் டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்று நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிறுவலில் கோளாறு இல்லை, திரும்பத் திரும்ப நிறுவிப் பார்க்க வேண்டாம். டிஸ்ட்யூட்டில்ஸ் (distutils) என்பது பைதானோடு சேர்ந்தே வந்த, நூலகங்களைத் தொகுத்து நிறுவ உதவும் தொகுதி. அது 3.10-லேயே கைவிடப்படும் என்று எச்சரிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. 3.11-இல் அதே நிரல் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

உடனடித் தீர்வு: உங்கள் திட்டத்தின் மெய்நிகர் சூழலுக்குள் (அதற்கென்று தனியாக வைத்திருக்கும் பைதான் சூழல்), பிப் (pip) என்ற நிறுவும் கருவி மூலம் செட்டப்டூல்ஸ் (setuptools) நூலகத்தை நிறுவுங்கள். அதற்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் நகல் இருக்கிறது. 3.12 முதல் புதிய சூழல்களில் செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் இது ஒட்டுப்போடும் வேலைதான். பிழைச்செய்தியின் கடைசி வரிகளைப் பாருங்கள். கோப்பின் பாதையில் சைட்-பேக்கேஜஸ் (site-packages, நிறுவிய நூலகங்கள் இருக்கும் கோப்புறை) என்று இருந்தால் தவறு உங்களுடையதல்ல, அந்த நூலகத்தைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தீரும். உங்கள் நிரலிலேயே லூஸ்வெர்ஷன் (LooseVersion, பதிப்பு எண்களை ஒப்பிடும் டிஸ்ட்யூட்டில்ஸ் வகுப்பு) இருந்தால், பேக்கேஜிங் (packaging) நூலகத்தின் வெர்ஷனுக்கு (Version) மாற்றுங்கள். கவனம்: அது கண்டிப்பானது, ஒழுங்கற்ற பதிப்பு எண்ணைக் கொடுத்தால் பிழை வீசும். டிஸ்ட்யூட்டில்ஸின் ஸ்ட்ர்டுபூல் (strtobool, 'yes', 'no' போன்ற சொற்களைச் சரி/தவறு மதிப்பாக மாற்றுவது) பயன்படுத்தியிருந்தால் நாலு வரியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

அவசரமென்றால் 3.11-இலேயே இருங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை உண்டு. மாறும்போது மற்ற தொகுதிகளை ஏற்றப் பயன்பட்ட பழைய 'இம்ப்' (imp) தொகுதி உங்கள் நிரலில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், அதுவும் 3.12-இல் போய்விட்டது.