கூத்துக்கு ஓர் இரவு, கொக்டெயிலுக்கு ஒரு மாலை

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கும் ஆசிரியை நான். வரும் மாசியில் லண்டனிலிருந்து என் மாமாவின் மகளும் அவள் கணவரும் வருகிறார்கள். இருவருக்கும் நாடகம் என்றால் உயிர். முதலில் ஒரு கொக்டெயில், பிறகு அரங்கம் என்பதுதான் அங்கே அவர்களுடைய பழக்கமாம். "மலைநாட்டிலும் அப்படி ஒரு மாலை வேண்டும்" என்று அக்கா கேட்கிறாள். நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் கொக்டெயிலை முடித்துக்கொண்டு, அன்றிரவே எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா கோபித்துக்கொண்டார். "குடித்த வாயோடு காமன் பொட்டலுக்கு வரக்கூடாது" என்கிறார். இளவயதில் மூன்று வருடம் ரதி வேடம் கட்டியவர் அவர். ஆனால் கூத்தன்று எத்தனையோ ஆண்கள் குடித்துவிட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அத்தானோ, கூத்துக் குழுவை ஹோட்டலுக்கே வரவழைத்து ஒரு மணி நேரம் ஆடச் சொல்லலாம், பணம் கொடுத்துவிடலாம் என்கிறார். காமன் எரிந்த மறுநாளே அவர்களுக்கு விமானம். நான் என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் நாட்காட்டியை எடுங்கள். கூத்தின் உச்சமான காமன் எரிப்பு பெரும்பாலும் மாசிப் பௌர்ணமியை ஒட்டியே வரும். பௌர்ணமி என்றால் நம் நாட்டில் போயா விடுமுறை. அன்று தவறணையும் திறக்காது, ஹோட்டல் பாரும் மது விற்காது. உங்கள் தோட்டத்தில் எரிப்பு அதே நாளில் வந்தால் நீங்கள் போட்ட திட்டம் தானாகவே கலைந்துவிடும். ஒருநாள் முன்பின்னாக வந்தாலும் இரண்டையும் ஒரே இரவில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் அப்பாவின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

அக்காவின் ஆசையில் தவறு எதுவும் இல்லை. லண்டனின் பெரிய அரங்குகளில் நாடகம் பெரும்பாலும் இரவு ஏழரைக்குத் தொடங்கும். பார் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். இடைவேளைக்கு வேண்டிய பானத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பத்தரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம். நடிப்பவர்களுக்கு அது தொழில், பார்ப்பவர்களுக்கு ஓய்வு நேரம். அங்கே ஒரு கிண்ணம் மது யாரையும் புண்படுத்தாது.

காமன் கூத்து அப்படி ஓர் இரவில் தொடங்கி முடிகிற காரியமா? உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பொட்டல் கோயில். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். மாமிசம் இல்லை, மது இல்லை. பகல் முழுவதும் மலையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் வாத்தியார் முன்னால் அடவும் பாட்டும் பழகுகிறார்கள். பலருக்கு அது நேர்த்திக்கடன். பிள்ளைக்கு நோய் தீர்ந்ததற்காக இத்தனை வருடம் ஆடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் மூன்று வருடத்துக்குப் பின்னாலும் ஏதாவது இருக்கக்கூடும். கேட்டிருக்கிறீர்களா?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு சித்தப்பா ரதியாக ஆடினார். மற்ற நாட்களில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கை. "போகாதீர் மன்னா" என்று அவர் மதனின், அதாவது காமனின், கையைப் பிடித்து அழுத இடத்தில், என் அருகே இருந்த பாட்டி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பாட்டிக்கு முடிவு தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேவர்கள் அனுப்ப, தவத்தில் இருக்கும் சிவன் மேல் மதன் மலர்க்கணை விடப் போகிறான், நெற்றிக்கண் திறக்கப் போகிறது, அவன் சாம்பலாகப் போகிறான். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் அவனைத் தடுத்துப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, குடித்திருந்த ஒருவர் ரதியைப் பார்த்து ஏதோ கேலி சொன்னார். தப்பு மேளம் நின்றுவிட்டது. மீண்டும் தப்பு முழங்கியபோது சித்தப்பாவின் குரலில் பழைய நடுக்கம் இல்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்த நிசப்தம் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் "மற்ற ஆண்கள் குடிக்கிறார்களே" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: குடிக்கிறார்கள், அது கூத்துக்குக் கேடு. மது நம் தோட்டங்களில் என்ன செய்திருக்கிறது என்பதை ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் அப்பா அக்காவையும் அத்தானையும் தாழ்வாக நினைத்துப் பேசவில்லை. தன் விரதத்தை நினைத்துப் பேசியிருக்கிறார்.

அத்தானின் யோசனைக்கு வருகிறேன். கலைஞர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது நல்ல மனம். ஆனால் மாசியில், கம்பம் நட்டிருக்கும் நாட்களில், குழுவை ஹோட்டல் முற்றத்துக்கு அழைக்காதீர்கள். கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. விடியும்வரை நடக்கும் கதையை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினால், சிவன் கண்ணைத் திறப்பது மட்டும்தான் மிஞ்சும். அது ஏன் வலிக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். கம்பம் நடாத மாதங்களில் அவர்கள் திரும்ப வந்தால் வேறு வழி உண்டு. வாத்தியாரை நேரில் சந்தித்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு போன்ற வேறு கூத்துகளில் ஒரு பகுதியை மேடையில் ஆட முடியுமா என்று கேளுங்கள். ஆடுபவர்களின் ஒருநாள் சம்பளம், வண்டிக் கூலி, சாப்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். எங்கே ஆடுவது, எவ்வளவு ஆடுவது என்பதை வாத்தியாரே தீர்மானிக்கட்டும்.

இப்போது கொக்டெயில் மாலை. அதைப் போயாவுக்கு நான்கைந்து நாள் முன்னதாக, கண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டி வாவியைச் சுற்றியுள்ள மண்டபங்களில் மாலை ஐந்து மணியளவில் கண்டிய நடனம் தொடங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெஸ் நடனம், பல வகை மேளங்கள், கடைசியில் தீ மிதிப்பு. பயணிகளுக்கென்றே டிக்கெட் போட்டு நடத்துவது என்பதால் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மேளக்காரர்களின் கை வேகம் பொய் இல்லை. முன்வரிசையில் உட்காருங்கள். ஆறு மணிக்கு மேல் நல்ல ஹோட்டல் ஒன்றில் ஆற அமர உட்காரலாம். அக்காவின் வழக்கம் இங்கே தலைகீழாகும், முதலில் அரங்கம், பிறகு கிண்ணம். பார்த்ததைப் பற்றிப் பேச அதுவே வசதி.

லண்டனில் கிடைப்பதையே இங்கும் கேட்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். நம் நாட்டுத் தென்னஞ்சாராயத்தைக் கேட்கட்டும். தென்னம்பாளையின் சாறு புளித்துக் கள்ளாகி, அதைக் காய்ச்சி வடித்து மரப் பீப்பாய்களில் முதிர வைப்பது அது. எலுமிச்சையும் ஜிஞ்சர் பியரும் சேர்த்தால் அதன் மணம் கெடாது. குளிர்ந்த தேயிலைச் சாயமும் கித்துள் பாணியும் சேர்த்துக் கலக்கித் தருகிற இடங்களும் உண்டு. நம் அம்மாக்கள் பறித்த கொழுந்து அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நீங்கள் குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். இஞ்சி, எலுமிச்சை, கித்துள் பாணி போட்ட குளிர்ந்த பிளேன்டீ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தால் யாரும் உங்களைக் குறைவாகப் பார்க்கப்போவதில்லை. அதை வீட்டிலும் செய்யுங்கள். அப்பாவுக்கும் ஒரு கிளாஸ்.

நுவரெலியாதான் வேண்டும் என்று அவர்கள் பிடித்தால் போகலாம். 1876இல் தொடங்கிய ஹில் கிளப் இன்னும் அங்கே இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்கிற வழக்கம் உண்டு, அத்தானிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் நம் பாட்டன்மார் தட்டேந்திக்கொண்டுதான் நுழைந்தார்கள். நீங்கள் விருந்தாளியாக உட்காரப் போகிறீர்கள். கூச்சப்படாதீர்கள், விலைப் பட்டியலை நிதானமாகப் படித்து வேண்டியதைக் கேளுங்கள். ஆனால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். மது அருந்திய யாரும் நானுஓயா, தலவாக்கலை வளைவுகளில், அந்த மூடுபனியில் வண்டி ஓட்டக்கூடாது. தங்க முடியாது என்றால் குடிக்காத சாரதி ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்றையும் அக்கா அறிந்திருக்கட்டும். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் திரும்ப வந்தது. பயணிகள் வரும் ஹோட்டல்களில் அவளுக்குச் சிரமம் இருக்காது. கடைவீதி மதுக்கடையில் அவள் போய் நின்றால் சங்கடம் வரலாம். எனக்கு இந்த விதியில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆனால் விருந்தாளிக்கு அதை முதல் தடவை கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டாம்.

கூத்து இரவுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். கம்பளி, தொப்பி, தரையில் விரிக்க ஒரு சாக்கு. மாசிப் பனி லண்டன்காரர்களையும் நடுங்க வைக்கும். கம்பத்தருகே செருப்பைக் கழற்ற வேண்டும். ரதி அழும்போது முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. பணம் கொடுக்க விரும்பினால் கூத்து நடத்தும் குழுவினரிடம் காணிக்கையாகக் கொடுக்கலாம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், அத்தான் வெட்கப்படாமல் எழுந்து கும்பிடட்டும்.

முக்கியமானது, அவர்களை அப்பாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அனுமதி கேட்கிற மகளாக அவரிடம் போகாதீர்கள். "கதையை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். தமிழில் அவர் சொல்ல, அத்தானுக்குப் புரியாத இடத்தை நீங்கள் சொல்லலாம். ரதி எந்த இடத்தில் மூச்சை அடக்கிப் பாட வேண்டும், புடவையோடு எப்படிச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பில் இருக்கிறது. உங்களுக்கே அவர் சொல்லாத விஷயங்கள் அன்று வெளியே வரும்.

விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று இன்றே அக்காவுக்கு எழுதுங்கள். எரித்த மூன்றாம் நாள் மதனை உயிரெழுப்புவார்கள். அதையும் அவள் பார்க்க வேண்டும்.