ஆலைகள் இருந்தும் வறுமை ஏன்?

கேள்வி: சீனக்குடாப் பக்கத்தில் பெரிய மா ஆலையும் சிமெந்து ஆலையும் நாற்பது ஆண்டுகளாக இயங்குகின்றன. ஆயினும் திருகோணமலைக் கிராமங்களில் வறுமை நீங்கவில்லை. தனியார் வணிகம் வறுமையைக் குறைக்கும் என்பதை எப்படி நம்புவது?
– வாசகி, உப்புவெளி

பதில்: அவ்வாலைகளின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல இருப்பதால், பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் 1980இல் தொடங்கிய பிரிமா ஆலைக்குரிய கோதுமையும், டோக்கியோ சிமெந்து ஆலையில் அரைக்கப்படும் மூலப்பொருளான கிளிங்கரும் கப்பலில் வருபவை. துறைமுகத்தின் ஆழத்தை நாடியே அவை இங்கு வந்தன. தம்பலகாமத்து வயலையோ குச்சவெளிக் கடலையோ நாடி வரவில்லை. எனவே கூலிக்கு அப்பால் மாவட்டத்துக்குள் இறங்கும் பணம் குறைவு. அதே சிமெந்து நிறுவனம் உயிர்த்திணிவு மின்னிலையம் அமைத்து, அதில் எரிப்பதற்கு உமியையும் விறகையும் வாங்கத் தொடங்கியபோதுதான், ஆலை வாசலை மிதித்திராதவருக்கும் விற்பதற்கு ஒரு பொருள் கிடைத்தது. ஒரு நிறுவனம் எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறது என்பதோடு, யாரிடம் எதை வாங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்குபவர் ஒருவர் மட்டுமே என்றால் அதுவும் போதாது. படகு இயந்திரத்துக்கும் வலைக்கும் மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. பிணையில்லாதவருக்கு வங்கி கடன் தராத நிலையில், கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் அரிசிக்குப் பணம் தருபவரும் அந்த முதலாளிதான் என்பதால் அவரைக் குற்றஞ்சாட்டி முடித்துவிட முடியாது. ஐஸும் லொறியும் கொண்டு இன்னொரு வியாபாரி கரைக்கு வரும்போது மீனவருக்கு விலை பேசும் பலம் கிடைக்கிறது. அவர் வருவதற்கு வீதியும் மின்சாரமும் வேண்டும். அவை அரசின் கடமை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, மூதூர்ப் பக்கத்துத் தயிரும் காய்கறியும் நீரைக் கடக்கும் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்த காலத்தை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

நிலாவெளி விடுதிகளின் வேலையோ பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைக்குமே. மீதி மாதங்களில் அக்குடும்பங்கள் கடனில் வாழ்கின்றன.

ஆகவே புதிய முதலீட்டாளர் எவரும் வரும்போது, உள்ளூர் மீன், பால், நெல் ஆகியவற்றில் எவ்வளவு வாங்குவார், எத்தனை நாளில் பணம் கொடுப்பார் என்பதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எழுத்தில் பெறுமாறு உங்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள்.