கோழி சூப் ஏன் வெந்நீராகவே இருக்கிறது?

கேள்வி: காய்ச்சலில் கிடந்து எழுந்த அம்மாவுக்குக் கோழி சூப் வைக்கிறேன். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டும் சாறு இறங்கவில்லை, கறிதான் நாராகிறது. சூப் க்யூப் ஒன்று போட்டால் ருசி வருகிறது. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. க்யூப் போடலாமா, இல்லை எலும்புச்சாறு பவுடர் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நெஞ்சுக்கறியில் சூப்புக்குத் தேவையான சரக்கு இல்லை. உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தப் பதம் தோலிலும் மூட்டு ஜவ்விலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டின் ஆவதால் வருவது. இறக்கை, கழுத்து, முதுகு, கால் என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நெஞ்சுக்கறியைவிட மலிவு.

ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர். குழாயடியில் கறியைக் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமி தொட்டி முழுக்கப் பரவும், வேகும்போது அது எப்படியும் செத்துவிடும். மிதமான தீயில் மெல்லச் சூடேறட்டும். நுரை திரண்டதும் வழித்தெடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும்படி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நீரோடு அடிபட்டுக் கலந்து சூப் கலங்கும். வெங்காயம், கேரட், இஞ்சி, மிளகு எல்லாம் கடைசி முக்கால் மணிக்குப் போதும். சாப்பிடக் கறி வேண்டுமென்றால் இரண்டு தொடைத் துண்டுகளைக் கடைசி அரை மணியில் போட்டு, வெந்ததும் எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள்.

குக்கரில் என்றால் சிறு தீயில் 40 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே குபீரென்று கொதித்து அதே கலங்கல்தான்.

உப்பு அடுப்பில் சேர்க்கவே வேண்டாம், அம்மாவின் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த உப்பே தூக்கலாகத் தெரியும்.

மீதியைச் சிறு பாத்திரங்களில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மறுநாள் அல்வா மாதிரி ஆடினால் சரியாக வந்திருக்கிறது. மேலே உறைந்த கொழுப்பை ஸ்பூனால் பெயர்த்துவிடலாம்.

இனி க்யூப். அட்டையில் கொழுத்த கோழி நிற்கும், பின்னால் எறும்பு எழுத்தில் முதல் பெயர் உப்பு. எடை அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். 10 கிராம் க்யூபில் ஏறக்குறைய பாதி உப்பாக இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறது. 'சோடியம்' என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பு கிடைக்கும். இந்தக் கணக்கை நோயாளி வீட்டார் தலையில் கட்டுவதற்கு ஒரு விதிமுறை, அதற்கு ஓர் அலுவலகம்! 'எம்எஸ்ஜி (அஜினோமோட்டோ எனப்படும் குளுட்டமேட் உப்பு) சேர்க்கவில்லை' என்பதையும் நம்பாதீர்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் இருந்தால் அதே குளுட்டமேட் பின்வாசலால் வந்திருக்கிறது. குளுட்டமேட் ஒன்றும் விஷமல்ல, ஒளித்து விற்பதுதான் எரிச்சல்.

பவுடர்காரர்கள் கொலாஜன் நேரே மூட்டுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். வயிற்றுக்குப் போனால் அதுவும் மற்றப் புரதம்போல உடைந்துதான் செரிக்கும். கால்சியம் என்பார்கள். எலும்பிலிருந்து நீரில் இறங்குவது சொற்பம், ஒரு கப் பாலுக்குக் கிட்டவே வராது.

ஒருவருக்கு இந்த சூப் ஆகாது: யூரிக் அமிலம் ஏறி, கால் பெருவிரல் வீங்கும் கவுட்காரருக்கு. கறியிலுள்ள பியூரின்தான் உடலில் யூரிக் அமிலமாக மாறுகிறது, அது வேகும்போது நீரில் இறங்கிவிடும். 'கறிதானே கூடாது, சாறு குடிக்கலாமே' என்று வீட்டில் சொல்வார்கள், விஷயம் தலைகீழ். நேரம் கூடக் கூட இறங்குவதும் கூடும். கொழுப்பை எடுத்தாலும், வடிகட்டினாலும் இறங்கிய பியூரின் அங்கேயேதான் இருக்கும். அம்மாவுக்கு அந்தத் தொந்தரவு இருந்தால், தொடைக்கறி ஒரு துண்டைத் தனியே வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, காய்கறி சூப்பில் உதிர்த்துக் கொடுங்கள்.