சார்ஜ் போடாதே என்றால் போடாதே: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் மகன் ஜீப் ராங்ளர் பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலிலும், சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் வண்டி) வைத்திருக்கிறான். பேட்டரி ரீகாலாம், கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைக்கிறதாம். பெட்ரோலில் ஓட்டலாமா? (ராயபுரம்)

ஓட்டலாம். கம்பெனி வேண்டாம் என்பது இரண்டு: சார்ஜ் போடுவது, வீட்டை ஒட்டி நிறுத்துவது. பேட்டரி செல்லுக்குள் இரு முனைகளும் ஒட்டாமல் பிரிக்கும் மெல்லிய தாளான செபரேட்டர் பழுதானால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அதற்கு வண்டி ஓட வேண்டியதில்லை, நின்றபடியே பற்றும். வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

தம்பியின் ஜீப்புக்கு முந்தைய ரீகாலில் சாஃப்ட்வேர் மாற்றிவிட்டார்கள். இனி பயமில்லையே? (தண்டையார்பேட்டை)

இருக்கிறது. 2025 நவம்பர் ரீகாலில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் வண்டிகள். அவற்றில் முன்பே சரிசெய்தவையும் உண்டு. 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டு மறுபடி பார்க்கட்டும்.

என் ஹைபிரிட் சூடாகிறது. ரீகால் உண்டா? (கொடுங்கையூர்)

எந்த மாடல், எந்த வருஷம், எந்த இடத்தில் சூடு? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியரா? சார்ஜ் போடும் வாயே இல்லாத வண்டி என்றால், ஊரெல்லாம் பேசும் இந்த ரீகால் உங்களுடையது இல்லை. சர்வீசில் காட்டுங்கள்.

பெரிய கம்பெனி காருக்கு இதெல்லாம் வராதாமே? (பெரம்பூர்)

யார் சொன்னது? 2020-ல் பிஎம்டபிள்யூ சுமார் 27 ஆயிரம், ஃபோர்டு கூகா சுமார் 20 ஆயிரம் பிளக்-இன் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இரண்டிலும் செல் தயாரிப்பில் புகுந்த அழுக்குதான் காரணம்.

செகண்ட் ஹேண்டில் பிளக்-இன் கார் வாங்கி ஒரு வருஷம். பெயர் இன்னும் மாற்றவில்லை. ரீகால் வந்தால் எனக்குத் தெரியுமா? (மாதவரம்)

தெரியாது! கடிதம் பழைய ஓனர் விலாசத்துக்குப் போகும். வண்டியை விற்ற நிம்மதியில் அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். நம் பக்கத்தில் மூன்றாவது ஓனர் ஓட்டுவார், ஆர்.சி.யில் முதல் ஓனர் பெயர் இருக்கும். கேட்டால், “டிரான்ஸ்பருக்குப் பணம் கொடுத்துட்டேன் சார், புரோக்கர் பார்த்துப்பார்.” அவர் பார்க்க மாட்டார். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி நீங்களே போங்கள். அதோடு முடியவில்லை. ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டது என்று கம்பெனிக்கு யாரும் தகவல் சொல்லப் போவதில்லை, ஷோரூமில் உங்கள் செல் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். சேஸிஸ் நம்பரை இன்றே கொடுத்து, பாக்கி ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஃபிளாட் பார்க்கிங்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. தனி லைன், 15 ஆம்பியர், சரியான எர்த். ரீகால் வந்த வண்டி என்றால் அதிலும் போடாதீர்கள்.

மழையில் கார் பாதி முழுகிவிட்டது. காய்ந்ததும் சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா? (வியாசர்பாடி)

போட்டும் பார்க்காதீர்கள், ஸ்டார்ட்டும் பண்ணாதீர்கள். டோ பண்ணி சர்வீசுக்கு அனுப்புங்கள்.

சின்ன தீயணைப்பு சிலிண்டர் வைத்திருக்கிறேன். போதுமா? (எண்ணூர்)

பேட்டரித் தீக்குப் போதாது. அதற்கு நிறைய தண்ணீர் வேண்டும், நேரமும் வேண்டும். அணைந்தது போலிருந்து மறுபடி பற்றும். விலகி நின்று 101-க்குப் போன் செய்யுங்கள், பேட்டரி வண்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.